மேளம் இருக்கட்டும், காதும் இருக்கட்டும்

மலாக்காவின் சுங்கை ஊடாங்கில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. தெரண்டாக் ராணுவ முகாம் இங்கேதான் இருக்கிறது. பெட்ரோனாசின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இந்த வட்டாரத்தில்தான். ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுன் காலம் வந்துவிட்டால் சுற்றியுள்ள குடியிருப்புத் தாமான்களிலிருந்து நம் பிள்ளைகள் சாரம் கட்டவும், வெல்டிங்குக்கும், தொட்டி கழுவவும் கிளம்பிவிடுவார்கள். தலைக்கவசம், பூட்ஸ், கண்ணாடி, அதோடு கழுத்தில் நூல் கோத்துத் தொங்கும் ஒரு ஜோடி இயர் பிளக். அதைக் காதில் செருகாமல் இரைச்சல் பகுதிக்குள் கால் வைத்தால் சேஃப்டி ஆபிசர் வெளியே அனுப்பிவிடுவார்.

அதே பிள்ளை சனிக்கிழமை மாலை குழுவின் டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு உறுமி மேள வேனில் ஏறுகிறான். தோளில் தப்பு. இடப்பக்கம் ஒருவன் உறுமியைத் தேய்க்கிறான், வலப்பக்கம் இன்னொரு தப்பு, முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டி. ஊர்வலம் கிளம்பி, காவடிகள் இறங்கி, சாமி திரும்பி வர நான்கு மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரமும் காதில் ஒன்றும் கிடையாது. வார நாளில் சட்டம் பாதுகாத்த காது அது. வார இறுதியில் அதைப் பற்றிக் கவலைப்பட ஒருவர்கூட இல்லை. ஆலய நிர்வாகம், குழுத் தலைவர், பெற்றோர், அந்தப் பிள்ளை என்று எவருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை என்பதுதான் எனக்குள்ள புகார்.

கணக்கைப் பார்ப்போம். மலேசியாவில் வேலையிடச் சத்தத்துக்கென்று 2019 ஜூன் 1 முதல் தனி விதிமுறைகள் நடப்பில் உள்ளன. அதற்கு முன் இருந்த 1989ஆம் ஆண்டு விதிகள் 90 டெசிபல் வரை விட்டுக்கொடுத்தன. இப்போது எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 85தான் உச்சவரம்பு. 82ஐத் தாண்டினாலே அது மிகைச் சத்தம், முதலாளி அளந்து பார்த்தாக வேண்டும். எந்த நேரத்திலும் 115ஐத் தாண்டவே கூடாது. டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கில் வராது. மூன்று டெசிபல் ஏறினால் காதுக்குள் போகும் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது, தாங்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 85க்கு எட்டு மணி நேரம் என்றால் 88க்கு நான்கு, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி. மேளக் குழுவின் நடுவே நிற்பவன் காதருகில் 100 டெசிபல் சர்வ சாதாரணம். அந்த அளவில் நான்கு மணி நேரம் நின்றால், ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு அனுமதித்த அளவைப்போல் பதினாறு மடங்கை ஒரே மாலையில் அவன் காது வாங்கிக்கொள்கிறது. ஆலையில் இது நடந்தால் விசாரணை, அறிக்கை, அபராதம். கோயில் வாசலில் நடந்தால், "பசங்க இன்னிக்கு கலக்கிட்டானுங்கப்பா!"

தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு வந்து சேரும் தொழில்சார் நோய்ப் புகார்களில் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருக்கிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் இழப்பீட்டுப் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. இங்கே நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. செவிப் பரிசோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது சத்தத்தின் வேலை என்று மருத்துவர் சொல்லிவிடுவார். அது கம்ப்ரசர் போட்ட பள்ளமா தப்பு போட்ட பள்ளமா என்று அந்தப் படத்தில் எழுதியிருக்காது. நாளைக்கு உண்மையாகவே ஆலைச் சத்தத்தால் காது போன ஒருவன் இழப்பீடு கேட்டுப் போகும்போது, வார இறுதியில் என்ன செய்தாய் என்ற கேள்வி எழுந்தால் பதில் சொல்வது எளிதில்லை.

சட்டம் மேளக்காரனைத் தொடவே தொடாது என்றும் சொல்லிவிட முடியாது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. வீட்டுப் பணியாளர், ஆயுதப்படையினர், கப்பல் பணியாளர் என்று சில விலக்குகள் மட்டுமே. (தெரண்டாக்கில் துப்பாக்கி பிடிப்பவனுக்கு இந்தச் சட்டம் பேசாது. அது ராணுவத்தின் பாடு.) கூலிக்கு மேளம் அடிப்பதும் வேலைதானே என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். ஆனால் யார் அங்கே முதலாளி? அழைத்த ஆலயமா, பந்தல் போட்ட உபயகாரரா, முன்பணம் வாங்கிய குழுத் தலைவரா? தலைவருக்கே இருபத்தைந்து வயதுதான் இருக்கும், அவரும் நடுவில் நின்று அடிப்பவர்தான். வந்த பணத்தில் வேன் வாடகையும் சாப்பாடும் போக மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் பிள்ளைகளிடம் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. இது நம் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டிய காரியம்.

"எங்க தாத்தா காலத்துல அடிக்காத தப்பா? அவங்களுக்கெல்லாம் காது நல்லாத்தானே இருந்துச்சு" என்று கேட்பார்கள். இருந்ததா என்று யாரும் சோதித்ததில்லை. தோட்டத்துக் கிழவர்களிடம் கத்திப் பேசித்தான் நாமெல்லாம் வளர்ந்தோம், அதை வயது என்று வைத்துக்கொண்டோம். ஆனாலும் அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1896இல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட காலம் தொட்டு இம்மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அடித்தவர்கள் மூன்று நான்கு பேர். சுற்றிலும் வெட்டவெளி, அதற்கப்பால் பால்மரம். ஒலிவாங்கி கிடையாது. தோல் தளர்ந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, காய்ந்த ஓலையைக் கொளுத்தி, தப்பைக் காய்ச்சிக்கொண்டு நின்றார்கள். அந்த ஐந்து பத்து நிமிடம் தோலுக்கு மட்டுமா உதவியது? காதுக்கும் ஓய்வு கிடைத்தது. இன்றைக்கு பிளாஸ்டிக் தோல் போட்ட மேளம் மழையிலும் தளராது, நிறுத்தவும் வேண்டாம். மூன்று பேர் இருந்த இடத்தில் பத்துப் பதினைந்து பேர். வெட்டவெளி இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் வரிசை வீடுகளின் சிமெண்டுச் சுவர். திருமணம் என்றால் நான்கு சுவரும் தகரக் கூரையும் கொண்ட டேவான், அதற்குள் டிஜே பெட்டிகள் வேறு. கருவி மட்டும்தான் தாத்தா காலத்துக் கருவி.

காதுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உட்செவியில் நத்தைக்கூடு போன்ற எலும்புக்குள் ஏறக்குறைய பதினையாயிரம் மயிரணுக்கள் இருக்கின்றன. பிறக்கும்போது கிடைப்பது அவ்வளவுதான். பறவைக்கு அழிந்தவை மீண்டும் முளைக்கின்றன, மனிதனுக்கு முளைப்பதில்லை. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தால் காது அடைத்துக்கொண்டு 'ஙொய்' என்று கேட்கும், காலையில் சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்றுதான் மருத்துவமும் வெகுகாலம் நம்பியது. 2009இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளிடம் நடத்திய ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. எலிகளின் செவித்திறன் சோதனையில் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், மயிரணுவை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில் கணிசமானவை திரும்பவே இல்லை. மனிதரிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் காலையில் சரியாகிவிட்டால் கவலை இல்லை என்று இனி எந்த மருத்துவரும் துணிந்து சொல்லமாட்டார்.

நானும் தப்பு அடித்தவன்தான். அடித்து ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. என் இடது காதில் இரவு பகலாக ஒரு சத்தம் ஓடுகிறது. மழை விட்ட இரவில் ரப்பர் காட்டில் சில்வண்டு கத்துமே, அதுபோல. டின்னிட்டஸ் என்பார்கள். ஓடும் சத்தத்தோடு வாழப் பழகிவிடலாம். அமைதியான அறைதான் பகை. படுக்கும்போது காற்றாடியை வேகமாக வைத்துக்கொள்கிறேன், மழைக்காலக் குளிரிலும். வீட்டில் முணுமுணுப்பு உண்டு.

ஆனால் இரைச்சலைவிடப் பெரிய தொல்லை வேறு. சத்தம் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை. ஒலியில் வலுவெல்லாம் உயிரெழுத்துகளில் இருக்கிறது. வல்லினம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் க, ச, த, ப எல்லாம் ஒலியளவில் மெலிந்தவை, அவற்றில் பல மேல் சுருதியில் நிற்பவை. சத்தத்தால் கெட்ட காதில் முதலில் நழுவுவது அவைதாம். காசு என்றாரா, காது என்றாரா, காப்பு என்றாரா என்று முன்பின் பேச்சை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். எதிரே இருப்பவர் "கொஞ்சம் சத்தமா பேசணுமா?" என்று கத்த ஆரம்பித்தால் இன்னும் மோசம். நிதானமாகப் பேசினால் போதும், முகத்தைப் பார்த்துப் பேசினால் அதைவிட நல்லது. கோவிட் காலத்தில் எல்லாரும் முகக்கவசம் மாட்டியபோதுதான், நான் இத்தனை நாள் பாதி உதட்டைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் கண்ணாடித் தடுப்பு, முகக்கவசம், மலாய். ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுப்பதற்குள் வியர்த்துவிடும்.

வாழையிலைக் கடையில் சுவரோரமாக, முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்தால் ஓரளவு சமாளிக்கலாம். நடு மேசை கிடைத்தால் போச்சு. பின்னால் டிவி, பக்கத்தில் தட்டுகள் உரசும் சத்தம். நண்பர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்க வேண்டும். எதற்குச் சிரித்தோம் என்று வண்டியில் வரும்போது மனைவி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிக் கொஞ்ச நாள் போனால் ஆசாமி கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவான். "கூப்பிட்டாகூடத் திரும்பறதில்ல, ரொம்பத் தலைக்கனம்" என்று ஊர் பேசும். காது கெட்டவர்களைப் பற்றி ஊர் முதலில் சொல்வது தலைக்கனம், அப்புறம் மறதி, கடைசியாகத்தான் காது. பேரப்பிள்ளையின் குரல் மேல் சுருதி என்பதால் அது இன்னும் சீக்கிரம் நழுவும். பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் குழந்தை ஓடிவந்து சொல்லும், இரண்டாம் முறை "என்னடா?" என்றால் சலித்துக்கொள்ளும், மூன்றாம் முறை "ஒண்ணுமில்ல தாத்தா" என்று போய்விடும்.

வெட்கம் ஒரு பக்கம் தின்கிறது. நம் பேச்சில் செவிடு என்பது வசைச்சொல். நம் சினிமாவில் காது கேட்காதவன் என்றால் நகைச்சுவைப் பாத்திரம். கண்ணாடி போட்டுக்கொள்ள யாரும் கூசுவதில்லை, செவிக்கருவி என்றால் முடியை வளர்த்து மறைக்கிறார்கள். அந்தக் கருவி ஆயிரக்கணக்கான வெள்ளி என்பது இன்னொரு காரணம். 2024 ஜூனில் பாடகி அல்கா யாக்னிக் தமக்குத் திடீரென்று செவி நரம்பு பாதித்துவிட்டதாக வெளியே சொன்னார். அவருக்கு வந்தது வைரஸ் தாக்குதலால் என்று மருத்துவர்கள் கணித்தார்கள். ஆனாலும் மிகுந்த சத்தத்தோடு இசை கேட்பதைப் பற்றியும் ஹெட்போனைப் பற்றியும் ரசிகர்களையும் இளைய கலைஞர்களையும் எச்சரித்தார். அவ்வளவு பெரிய பாடகிக்கு வராத வெட்கம் நமக்கு எதற்கு?

மேளச் சத்தம் பற்றி நம் சமூகம் பேசாமல் இல்லை. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு முன் பத்திரிகைகள் நிறையப் பேசுகின்றன. பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் தண்ணீர்ப் பந்தல்களுக்கு விதி வகுக்கிறது, இந்து சங்கம் அறிக்கை விடுகிறது. ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி என்ன பாட்டு என்பதைப் பற்றியது. சினிமாப் பாட்டு வேண்டாம், பக்திப் பாட்டுதான் வேண்டும். சரி, இருக்கட்டும். காதுக்குப் பக்தி தெரியாது. 105 டெசிபலில் ஒலிக்கும் முருகன் பாட்டும் 105 டெசிபலில் ஒலிக்கும் குத்துப்பாட்டும் அதற்கு ஒன்றுதான்.

சிங்கப்பூர் இன்னொரு பாடம். அங்கே தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973இல் தடை வந்தது. 2015இல் அதையொட்டி ஊர்வலத்தில் கைகலப்பு நடந்தது. மறு ஆண்டு, பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது ஆண்டுக்கும் மேலாக நடந்த அந்த வாதம் முழுக்க உரிமையைப் பற்றியது. தடை என்று ஒன்று வந்துவிட்டால் மேளம் மானப் பிரச்சினை ஆகிவிடும். அதன் பிறகு காதைப் பற்றி வாய் திறப்பவன் துரோகி. ஆகவே தடை கேட்பவர்கள் பக்கம் நான் இல்லை. சேரியின் கருவி, சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட தப்பை இந்நாட்டுத் தமிழ் இளைஞர்கள் தோளில் தூக்கிப் பெருமையாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலை முடிந்து வேறெங்கோ போகக்கூடிய பிள்ளைகள் ஒரு கூடத்தில் கூடித் தாளம் பழகுகிறார்கள். அதைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

இசையே எங்கள் தொழில், சத்தம் அதில் பிரிக்க முடியாதது என்ற வாதம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. லண்டனில் ராயல் ஓபரா ஹவுஸ் அதைத்தான் நீதிமன்றத்தில் சொன்னது. 2012இல் வாக்னர் இசை நாடக ஒத்திகையில் பித்தளைக் கருவிகளுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்ட வயோலா கலைஞர் கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடரின் காது கெட்டு, வாத்தியத்தையே விட வேண்டியதாயிற்று. 2018இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கலையின் மதிப்புக்காகச் சுகாதார விதி விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை நீதிபதி ஏற்கவில்லை. 2019இல் மேல்முறையீட்டிலும் அந்த முடிவு நின்றது. பிரிட்டனில் வேலையிடச் சத்த விதி மற்றத் தொழில்களுக்கு 2006இல் வந்தது. இசைத் துறைக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தந்து 2008இல் கொண்டுவந்தார்கள். அதற்காக அங்கே யாரும் வாக்னரை நிறுத்திவிடவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில், உலகச் செவித்திறன் நாளையொட்டி, இசை நடக்கும் இடங்களுக்கென்று ஓர் அளவுகோல் வெளியிட்டது. சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, சத்தத்தை உடனுக்குடன் அளக்க ஒருவர் இருக்க வேண்டும், வருபவர்களுக்கு இயர் பிளக் கிடைக்க வேண்டும், ஒதுங்கி நிற்க அமைதியான இடம் வேண்டும். பிரான்ஸ் இன்னும் ஒரு படி போய், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்றால் 94 டெசிபல்தான் என்று தனியாக வரம்பு வைத்திருக்கிறது. நாமோ கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன் நின்று சாமி பார்க்கிறோம். குழந்தை அலறினால் பயந்துவிட்டது என்று திருநீறு பூசுகிறோம். வலிக்கிறது என்று அது வேறு எப்படித்தான் சொல்லும்?

இங்கே செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. குழுக்கள் ஆண்டுக்கு ஒரு முறை டி-சர்ட்டு அடிக்கின்றன, முதுகில் பெயர், நெஞ்சில் சின்னம். அந்தச் செலவோடு ஆளுக்கு ஒரு ஜோடி இயர் பிளக்கையும் சேர்த்துவிட்டால் அது சீருடையின் ஒரு பகுதி ஆகிவிடும். ஒருவன் மட்டும் மாட்டினால் கேலி, எல்லாரும் மாட்டினால் வழக்கம். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு ரகம் மேல் சுருதியை அதிகம் அடைத்துத் தாளத்தை மந்தமாக்கும் என்பது உண்மை. இசைக் கலைஞர்களுக்கென்றே எல்லாச் சுருதியையும் ஒரே சீராகக் குறைக்கும் ரகம் விற்கிறது. விலை கூடுதல், ஆனால் கழுவிக் கழுவிப் பல மாதம் போடலாம். பெட்டியை மேளக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் வைக்காமல் தள்ளி வைக்கலாம். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபல் குறையும். பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் அடிக்காமல் இரண்டு அணியாக மாறி மாறி அடித்தால், தப்பைக் காய்ச்சிய காலத்து ஓய்வு திரும்பக் கிடைக்கும். அளப்பதற்குத் தனிக் கருவிகூட வேண்டாம். கைப்பேசிச் செயலி துல்லியமானது இல்லை என்றாலும், 85க்கும் 105க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நாம் கை கட்டி நிற்பது சரியில்லை. அழைப்பவர்கள் ஆலய நிர்வாகத்தினர். மேளத்துக்குப் பணம் கொடுப்பவருக்குத்தான் நிபந்தனை வைக்கும் உரிமையும் உண்டு. மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்குக் காவடிகள் ஏறுவதற்கு முன், அழைப்புக் கடிதத்தில் மூன்று வரி சேர்த்தால் போதும்: காதில் பிளக் இல்லாதவர் அடிக்க வேண்டாம், மணிக்கு ஒரு முறை ஓய்வு, பெட்டிக்கு முன் குழந்தைகள் நிற்காதபடி கயிறு. கடிதத்தில் உணவும் வேனும் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய சுமையா?

மேளம் அடித்தோ, கச்சேரி கேட்டோ, காரில் பெட்டியை அலறவிட்டோ காதில் இரைச்சல் வந்து ஒரு நாளுக்கு மேல் நின்றால் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். கெட்டது உட்செவி, எண்ணெய் அங்கே போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் புண்ணாவதுதான் மிச்சம். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அதை அவசர நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாளுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் மீள வாய்ப்பு அதிகம், வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே கடிதம் வாங்கினால் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிப் பரிசோதனைக்கு நாள் கொடுப்பார்கள்.